மே மாதத்தில் நீந்தியவர்கள்

எங்கள் ஊர்ப் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எந்த ஸ்டேஷன் என்று தெரிந்துவிடும், அப்புறம் அதற்கென்று ஒரு கேஸ், அதற்கொரு வாய்தா. இருக்கிறது போதும். வலங்கைமானுக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே எங்கோ ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் ஒரே மதிலை ஒட்டி இருக்கின்றன, எதிரே ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரி நான். பேர் ரோஸ்லின். இந்தப் பேரை இனி மறைத்துப் பயனில்லை, கோர்ட் ரெக்கார்டில் ஏறிவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. சட்ட உதவியில் கேஸ் நடத்தும் வக்கீல் ஹமீதா பானு ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். கூத்தாநல்லூர்க்காரர், முப்பது வயதுகூட இருக்காது, எப்போது பார்த்தாலும் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் மாதிரியே நடப்பார்.

“அக்கா, ரெண்டு செட் போடுங்க. வியாழக்கிழமை வாய்தா. ஆளு குத்தத்த ஒத்துக்கறேங்கறாரு. இருந்தாலும் நான் ஒரு தடவ படிச்சுரணும்ல?”

மேல் தாளில் பேர் இருந்தது. லியோ, வயது 31, த/பெ லூர்துராஜ். என் தம்பி.

நான் பணம் கொடுத்து வைத்திருந்த வக்கீல் வருவதை நிறுத்தி, கேஸ் இவரிடம் வந்திருப்பது எனக்குத் தெரியாது. லியோ என் தம்பி என்பது அவருக்குத் தெரியாது. குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறான் என்பதை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. “கரன்ட் வரட்டும், சாயங்காலம் வாங்கிக்கங்க” என்றேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

லியோ கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதம். எங்கள் பக்கத்து வயல்களில் போர்செட் மோட்டாரைப் பிரித்துக் காப்பர் கம்பியை உருவிக்கொண்டு போகிற திருட்டு வரிசையாக நடந்துகொண்டிருந்தது. லியோ அறுவடை மெஷின் டிரைவர். அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வயல்காட்டில் வழி தெரியும். ஸ்டேஷனுக்கு அது போதுமானதாக இருந்தது. விசாரணைக்கு அனுப்பச் சொல்லி எனக்குப் போன் வந்தது. அவனுக்கு வரவில்லை, எனக்குத்தான் வந்தது. நான்தான் அவர்களுக்கு வேண்டிய ஆளாயிற்றே. லியோ வர மாட்டேன் என்றான்.

“தப்பு பண்ணலன்னா எதுக்குடா பயப்படுற? எல்லாம் எனக்குப் பழக்கமானவங்கதான்” என்று அதட்டி, ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து, நானே கொண்டுபோய் விட்டேன். ஊர்வலத்தில் மாதா சுரூபம் கொண்டுபோகிற பெருமையோடு கொண்டுபோனேன் என்றுகூடச் சொல்லலாம். அது பதினோராம் தேதி காலை. கைது செய்ததாகக் கணக்குக் காட்டியது பதினாலாம் தேதி. நடுவில் மூன்று நாள் எங்கே போயிற்று என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது.

கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. தப்பி ஓடும்போது அடிபட்டுவிட்டது என்றார்கள். நம்பினேன். நம்பாவிட்டால், அவனைக் கொண்டுபோய் விட்டவள் நான் என்று ஆகிவிடும். அதனால் நம்பினேன்.

நாற்பத்திரண்டு நாள் கழித்து ஜாமீனில் வந்தான். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. மெஷினில் லிவரைப் பிடிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் கை வலியோடு வேறு ஏதோவும் அடங்கிப்போகிறது என்று கண்டுகொண்டான். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடை எந்த ஊரில் இருந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். அம்மா இருதயம்மாள் அவன் சட்டையைத் துவைக்கும்போது பையில் காலி அட்டைகளாக வரும். அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். நான் லியோவைத் திட்டுவேன். திட்டுவதற்கு எனக்கு நன்றாக வரும்.

இன்னொன்று. அவனுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கோயிலின் கடைசிச் சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பான். நன்மை அப்பம் வாங்கப் போக மாட்டான், வரிசையில் நின்றால் பின்னால் ஆள் நிற்குமே. சாமியாரே ஒருநாள் சுவரோரமாக வந்து அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் போதை மறக்கிற வார்டில் இரண்டு முறை இருந்தான். இரண்டு முறையும் நன்றாகத்தான் வந்தான். வாய்தா வரும், அந்த மதிலைத் தாண்டிப் போக வேண்டும், முந்தின நாளே மாத்திரை. இரண்டு முறையும் இதேதான். இப்போது மூன்றாம் முறை போய், மாத்திரையை விட்டு நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

இவ்வளவுக்கும் நான் அவன் குற்றப்பத்திரிகையை ஒருதடவைகூடப் படித்ததில்லை. தினம் நூறு பேர் கேஸ் கட்டைப் புரட்டுகிறவள், வீட்டு அழுக்கை மட்டும் விரித்துப் பார்க்கவில்லை. அன்று கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது:

“போலீஸ் பார்ட்டியைக் கண்டதும் மேற்படி நபர் கரைபுரண்டோடிய ஆற்று நீரில் குதித்து நீந்தித் தப்ப முயன்றபோது, மதகுச் சுவரில் மோதி அவருக்கு வலது மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டது. ஈர உடையுடன் இருந்த அவரைச் சுற்றிவளைத்துப் பிடித்து…”

இந்த வாக்கியத்தை எழுதியது நான்.

லியோவுக்காக எழுதியதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், மணல் வண்டிக்காரர் ஒருவர் நிஜமாகவே ஆற்றில் குதித்தார். ஸ்டேஷனில் காகித வேலை எல்லாம் பார்க்கிற ஏட்டு, எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவோம், “தண்ணியில குதிச்சு ஓடினார்” என்று கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க். வெறும் தண்ணீர் எனக்குப் பிடிக்கவில்லை. “கரைபுரண்டோடிய ஆற்று நீரில்” என்று போட்டேன். மதகுச் சுவரையும் நான்தான் வைத்தேன். ரைட்டர் படித்துவிட்டு, “நீ கதை எழுதப் போலாம்மா” என்றார். சந்தோஷத்தில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து, யாருக்காவது கையோ காலோ உடைந்த கேஸ் வந்தால், “அந்தப் பழசையே எடும்மா, பேரும் தேதியும் மாத்தினாப் போதும்” என்பார். எடுப்பேன், மாற்றுவேன். என்னைப் பொறுத்தவரை அது வேலை. அப்புறம் ஸ்டேஷனுக்கே கம்ப்யூட்டர் வந்ததும் அந்த ஃபைல்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லியோ கேஸ் அங்கேயே அடித்தது.

மே மாதத்தில் எங்கள் ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்று இந்தப் பக்கத்துச் சின்னக் குழந்தையைக் கேளுங்கள். ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடினால் ஜூன் வரைக்கும் ஆற்றில் மணலும் காட்டாமணக்கும்தான். பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடு மேயும். அந்த ஆற்றில்தான் என் தம்பி கரைபுரண்ட வெள்ளத்தில் நீந்தியிருக்கிறான்.

இதை ரிமாண்டு செய்தபோது அப்போதிருந்த மாஜிஸ்ட்ரேட் பார்த்தார். சிறையில் சேர்க்கும் முன் டாக்டர் பார்த்தார். என் பணத்தை வாங்கிய வக்கீல் ஒரு வருஷம் கையில் வைத்திருந்தார். டாக்டரும் வக்கீலும் இந்த மண்ணில் சோறு தின்கிறவர்கள்தான். ஒருவர்கூட இதைப் படிக்கவில்லை. பேரைப் பார்த்தார்கள், செக்‌ஷனைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முதலில் அவர்கள் மேல். அதைவிட அதிகமாக என் மேல்.

கம்ப்யூட்டரில் “கரைபுரண்டோடிய” என்று அடித்துத் தேடினேன். பதினொரு ஃபைல் வந்தது. பதினொரு பேருக்கும் எலும்பு முறிந்திருந்தது. அதில் நான்கு பேர் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் நீந்தியிருந்தார்கள். ஒன்பது பேருடைய முகவரி காலனித் தெரு, அல்லது ஆற்றங்கரைப் புறம்போக்கு.

சாயங்காலம் ஹமீதா பானு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றபடியே மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“அக்கா, ஆத்துல தண்ணி இல்லங்கறத மதகு ரெஜிஸ்டர வரவழைச்சு நிரூபிச்சுரலாம். ஆனா அது ஒரு தப்புன்னு சொல்லித் தாண்டிருவாங்க. இது அச்சு மாதிரி பன்னெண்டு பேருக்குப் போட்டதுன்னு சொல்லணும்னா நீங்கதான் கூண்டுல ஏறணும். ஏறினா, பொய் வாக்குமூலம் அடிச்சுக் குடுத்தது நீங்கதானேன்னு உங்கமேலயும் திரும்பும். யோசிச்சு சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு” என்றேன். “மொதல்ல அவன் ஒத்துக்காம இருக்கணும்.”

வீட்டில் லியோ பின்பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“ஒத்துக்கப் போறியாமே?”

“ஆமாக்கா. அன்னைக்கே முடிஞ்சிரும். உள்ள இருந்த நாப்பத்திரண்டு நாளே தண்டனைன்னு போட்டு விட்டுருவாங்களாம். ரைட்டரே சொல்லிட்டாரு.”

“திருடன்னு எழுதிருவாங்கடா.”

“எழுதட்டும். இப்ப மட்டும் மகராசான்னா கூப்புடுறாங்க? வாய்தா இல்லன்னா மாத்திர இல்லக்கா. எனக்கு அது ஒண்ணுதான் வேணும். நாப்பத்தோரு நாளு. இன்னும் பத்து வாய்தாவ என்னால தாங்க முடியாது.”

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதுதான் கஷ்டம். கேஸை நடத்தினால் வாய்தா, வாய்தா வந்தால் மாத்திரை. கேஸை விட்டால் அவன் பிழைப்பான், திருடனாக. நான் மூன்றாம் பக்கத்தை எடுத்து வாசித்தேன்.

சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். அப்புறம் அந்த மூன்று நாளைப் பற்றி முதல்தடவையாகப் பேசினான்.

“பின்னால நின்னுக்கிட்டுதான்க்கா கேப்பாங்க. முன்னால யாருமே இருக்க மாட்டாங்க. எந்தப் பக்கத்துலேருந்து விழும்னு தெரியாது. ரெண்டாவது நாளு மேஜ மேல கைய வைக்கச் சொன்னாங்க.” கோணல் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டான். “குடிக்கத் தண்ணி கேட்டேன். மூணு நாளும் அந்தத் தண்ணிக்குத்தான் கெஞ்சினேன். இதுல ஆத்துல நீந்தினேனாம்.”

“அந்த வரி நான் எழுதுனதுடா” என்றேன். மணல் வண்டி, டீ, பென்டிரைவ் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டதற்கு அதுவரை நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அதையும் கேட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

அவன் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டான். அம்மா விளக்கு வைத்து, ஜெபமாலை சொல்லி முடிக்கிற வரை வரவில்லை. வந்ததும் கேட்டான்.

“போலீசுக்கு எதிரா நீ கூண்டுல ஏறிச் சொல்லுவியா? அவங்களுக்கு எதிர்லதானே கட வச்சிருக்க?”

“சொல்லுவேன்.”

“நீ ஏறுறன்னா நானும் இல்லன்னு சொல்றேன். நீ எறங்கினா நானும் எறங்கிருவேன்.”

“சரி” என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் ரைட்டர் கடைக்கு வந்தார். விஷயம் எப்படிப் போயிற்றோ, எங்கள் ஊரில் மதிலுக்குக் காது இருக்கிறது. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. என் அப்பா இறந்தபோது சாவு வீட்டுக்குப் பந்தல் போட ஆள் அனுப்பியவர்.

“ரோஸ்லினம்மா, பழைய ஃபைலெல்லாம் எடத்த அடச்சுக்கிட்டு கெடக்குமே, அழிச்சுருங்க. நாளைக்குத் தம்பி ஒத்துக்கிட்டா கேஸ் முடிஞ்சு சாயங்காலம் வீட்டுல இருப்பான். எதுக்கு இழுத்துக்கிட்டு?”

“மே மாசத்துல ஆத்துல தண்ணி இருந்துச்சாங்க?”

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. எவ்வளவு பெரிய தப்பு என்று எங்கள் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. மேலதிகாரி வெளியூர், அவருக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். ஆனால் பேரையும் தேதியையும் மாற்றினாரே தவிர, இவரும் படிக்கவில்லை.

“உன் தம்பிய நான் தொடலம்மா” என்றார் மெதுவாக. “நான் எழுதினது மட்டுந்தான்.”

“நானும் எழுதினது மட்டுந்தாங்க” என்றேன். “அதத்தான் போய்ச் சொல்லப் போறேன்.”

வியாழக்கிழமை. ஸ்டேஷன் வாசலைத் தாண்டும்போது லியோவின் நடை நின்றது. “நான் பின்னால வரேன், வேற யாரும் வர மாட்டாங்க” என்று சொல்லி அவன் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நடந்தேன். கூண்டிலும் அவனுக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள் நின்றார். ஹமீதா பானு எழுந்து, “அம்மா, அவரை மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் நிற்கச் சொல்லலாமா” என்று கேட்டார். மாஜிஸ்ட்ரேட் அம்மா மேற்கே மலையடிவாரத்து ஊர்க்காரர், மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான். காரணம் கேட்காமல் தலையசைத்தார். குற்றச்சாட்டை வாசித்து, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். லியோ திரும்பி என்னைப் பார்த்தான்.

“இல்லைங்கம்மா” என்றான். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னான். “நான் திருடலைங்கம்மா.”

அதற்குப் பிறகு எட்டு மாதம். பதினேழு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் கடையைப் பூட்டிவிட்டு அவன் பின்னாலேயே நடந்தேன். ஒன்பதாவது வாய்தாவில் அவனை மேஜையில் கை வைக்கச் சொன்னவர் சாட்சி சொல்ல வந்தார். அன்று சாயங்காலம் லியோவைக் காணவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கிடந்தான், பையில் மூன்று அட்டை. மறுபடி வார்டில் சேர்த்தோம். எட்டாம் நாள் தானே பஸ் ஏறி வந்து, “அடுத்த வாய்தா என்னைக்கு?” என்று கேட்டான். நான் திட்டவில்லை. திட்டாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவுக்குத் தெரியும்.

என் கடைக்கு ஸ்டேஷன் வேலை அடியோடு நின்றது. வக்கீல்களும் பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போனார்கள். நல்லது, எனக்குத் தூங்க நேரம் கிடைத்தது.

ஆற்றுத் தண்ணீருக்குச் சாட்சியாக மதகு ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஷேக் பரீத் வந்தார். கையில் தண்ணீர் அளவு எழுதுகிற ரெஜிஸ்டர். அந்த மே மாதம் முழுக்க ஒரே எண்: பூஜ்யம்.

“மே மாசம் நாங்க ஷட்டருக்குக் கிரீஸ் போடுற மாசங்கம்மா. நான் ஆத்துக்குள்ள பாய் விரிச்சுத்தான் மத்தியானச் சோறு திம்பேன்.”

“எங்காவது பள்ளத்தில் தண்ணீர் தேங்கி இருந்திருக்கலாம் அல்லவா?” என்று கேட்டார் அரசு வக்கீல்.

“இருந்தா எங்க ஆட்ட எதுக்கு ரெண்டு மைல் தள்ளி ஓட்டிக்கிட்டுப் போறோம்?”

மாஜிஸ்ட்ரேட் அம்மா பேனாவை வைத்துவிட்டு, அந்த ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார்.

அடுத்தது என் முறை. வேதாகமத்தின் மேல் கை வைக்கிற பழக்கம் கோர்ட்டில் இல்லை, ஆனாலும் நான் மனசுக்குள் வைத்துக்கொண்டேன். நடந்ததைச் சொன்னேன். ஒப்புதல் வாக்குமூலங்களையும் கைதுக் குறிப்புகளையும் பேர் மாற்றி அடித்துக் கொடுத்தேன், அந்த வாக்கியம் என்னுடையது, ஹார்ட் டிஸ்க்கை ஒப்படைத்திருக்கிறேன்.

அரசு வக்கீல் எழுந்தார். “தம்பியைக் காப்பாற்ற இப்போது உட்கார்ந்து ஜோடித்த ஃபைல்கள்தானே இவை?”

“இல்லைங்க. அந்தப் பதினொரு கேசும் இந்தக் கோர்ட்டுலதான் நடந்துச்சு. கட்டு எல்லாம் கீழ ரெக்கார்டு ரூம்ல இருக்கும். நம்பர் எழுதிக் கொண்டாந்திருக்கேன்.”

“அப்படியென்றால் பொய் ஆவணம் தயாரித்தது நீங்கள்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?”

“ஆமாங்க.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. நான் எப்படியாவது நழுவப் பார்ப்பேன், அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தார். “அதன் விளைவு தெரியுமா?” என்றார்.

“தெரியும்ங்க. அதுக்கும் வாய்தாவுக்கு வரேன். எதிர்லதான் கட.”

மாஜிஸ்ட்ரேட் அம்மா நம்பர் சீட்டை வாங்கி, முதல் இரண்டு கட்டுகளை எடுத்துவரச் சொன்னார். தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். கோர்ட்டே கேட்கும்படி வாசித்தார். கரைபுரண்டோடிய ஆற்று நீரில், மதகுச் சுவரில், ஈர உடையுடன். ஒன்றில் மார்ச் மாதம், ஒன்றில் மே. இரண்டாவதை முடிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. என் தமிழைக் கேட்டு எனக்கு அவ்வளவு கேவலமாக எப்போதும் இருந்ததில்லை.

ஜூலையில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட் பாஷையில் ‘எதிரி’ என்று பேர். சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. அவன் திருடவில்லை என்று அதில் இல்லை. அவன் கையை யார் உடைத்தது என்று ஒரு வரி இல்லை. மூன்று நாளைப் பற்றி இல்லை. என் மேல் தனியாக விசாரணை நடத்தலாம் என்று மட்டும் தெளிவாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தீர்ப்பு நகலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைக்காக ஹமீதா பானு தனியாக ஒரு மனு போட்டிருக்கிறார். நடக்கட்டும், எத்தனை வருஷமானாலும் சரி.

“உட்டுட்டாங்கல்ல?” என்றான் லியோ. “அது போதும் எனக்கு.” பாலத்தின் மேல் வந்தோம். ஆற்றில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பிறகு கேட்டான்: “அக்கா, மத்த பதினோரு பேரு என்ன ஆனாங்க?”

எனக்குத் தெரியாது. ஒருவர் முகம்கூடத் தெரியாது. பேரையும் தேதியையும் மட்டும்தான் தெரியும், அதையும் அடித்து முடித்தவுடன் மறந்தவள் நான்.

“போய்ப் பாக்கணும்” என்றான். “நான் வாரேன்.”

முதல் முகவரி ஆற்றங்கரைப் புறம்போக்கு. வாசலில் ஒரு அம்மா நாற்றுக்கட்டு சுமந்துவிட்டு வந்த சேற்றுக் காலோடு உட்கார்ந்திருந்தார். பேர் காத்தாயி. வீட்டுக்காரர் செத்து மூன்று வருஷம் ஆயிற்றாம். ஜெயிலுக்குப் போய் வந்ததிலிருந்து கால் தாங்கித்தான் நடந்தாராம், வேலைக்குப் போக முடியாமல் குடித்தே போய்விட்டாராம். கால் எப்படி உடைந்தது என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

லியோ அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். நான் காகிதத்தை எடுத்து வாசித்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஏழு வருஷ வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் காதால் கேட்டார்.

“நீந்தினாரா?” என்றார். “அவருக்கு நீச்சலே தெரியாதேம்மா. ஆத்துல தண்ணி வந்தா மாட்டக் குளிப்பாட்டக்கூட என்னையதான் எறங்கச் சொல்லுவாரு.”

அவர் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரும்மா இதெல்லாம் எழுதினது?”

“நான்தாங்க” என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். சாத்தினாலும் நாளைக்கு வர வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் கவரோடு திரும்பி வந்தார். உள்ளே ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் ஒரு கால் எக்ஸ்ரேயும் இருந்தன. அதை என் மடியில் வைத்தார்.

“அப்ப நீயே மாத்தி எழுது” என்றார்.

லியோ பையிலிருந்து நோட்டை எடுத்து, புதுப் பக்கமாகப் பிரித்து இடது கையால் என்னிடம் நீட்டினான்.